ஆட்சேபத்தையும் சேர்த்தே அச்சிடுங்கள்: கீழடி அறிக்கை பற்றி இந்தியத் தொல்லியல் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 பாதிதான் முடிந்திருக்கிறது. அதற்குள் தமிழ்நாட்டுத் தொல்லியலில் பத்தாண்டுக்கு உண்டான செய்திகள் வந்துவிட்டன. ஜனவரி தொடக்கத்தில் சிந்துவெளிக் கண்டுபிடிப்பின் நூற்றாண்டுக் கருத்தரங்கு சென்னையில் நடந்தது. அந்த எழுத்தைப் படித்துக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று முதலமைச்சர் அங்கே அறிவித்தார். அதே மாதம் 23-ஆம் தேதி, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் ஈமத் தாழிகளில் கிடைத்த கரித்துண்டுகளின் காலத்தை வைத்து, இங்கே இரும்பின் பயன்பாடு பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன், அதாவது கி.மு.) 3345 வரை பின்னால் போகிறது என்று மாநிலத் தொல்லியல் துறை அறிக்கை வெளியிட்டது. கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகை இடுகாட்டின் மண்டை ஓடுகள் இரண்டை வைத்து, லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் உதவியோடு முகங்களையும் வடித்துக் காட்டிவிட்டார்கள்.

உங்கள் பக்கமிருந்து பெரிதாகப் பேசப்பட்டது ஒரு கடிதம்தான். கீழடியில் முதல் இரண்டு கட்ட அகழாய்வை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் கொடுத்த 982 பக்க அறிக்கையைத் திருத்தித் தரும்படி மே மாதம் கேட்டீர்கள். அவர் மறுத்தார். ஜூனில் அவரை நொய்டாவுக்கு மாற்றினீர்கள். இடமாற்றத்தைப் பற்றி மேடைகளில் வேண்டிய அளவு பேசியாகிவிட்டது. நான் எழுத வந்தது அறிக்கையைப் பற்றி.

உங்கள் கேள்விகளில் நியாயம் இருக்கிறது. அதை இங்கே பலர் ஒப்புக்கொள்ளத் தயங்குகிறார்கள். கீழடியின் முதல் காலகட்டம் பொ.ஆ.மு. 8 முதல் 5-ஆம் நூற்றாண்டு வரை என்று அவர் வைத்திருக்கிறார். அவ்வளவு முன்னால் வைக்க ஆதாரம் போதாது, பொ.ஆ.மு. 300-க்குச் சற்று முன் என்று வேண்டுமானால் வைக்கலாம் என்பது உங்கள் தரப்பு. ஆழத்தை மட்டும் எழுதினால் ஆகாது, எந்த மண்ணடுக்கு என்றும் குறிக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். சரியான கேள்விதான். அந்தக் காலத்து மனிதர்களும் குழி வெட்டினார்கள், உறைகிணறு இறக்கினார்கள். மேலடுக்கில் இருக்க வேண்டிய ஓடு அந்த வழியாக மூன்று மீட்டர் கீழே போய்க் கிடக்கலாம்.

கரியில் மிஞ்சியிருக்கும் கதிரியக்கக் கரிமத்தை அளந்து காலம் சொல்லும் கரிமக் கணிப்பிலும் ஒரு தொல்லை உண்டு. ஆய்வகம் தரும் எண்ணை ஆண்டாக மாற்ற ஒரு அளவுத்திருத்தக் கோடு பயன்படுகிறது. பொ.ஆ.மு. 800-க்கும் 400-க்கும் நடுவே அந்தக் கோடு ஏறக்குறைய தட்டையாகிவிடுகிறது. அந்த நானூறு ஆண்டில் எப்போது வெட்டிய மரமாக இருந்தாலும் கரி சொல்லும் எண் கிட்டத்தட்ட ஒன்றுதான். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரிக்கு மாநிலத் துறை 2019-இல் சொன்ன பொ.ஆ.மு. 580-உம் அதற்குள்தான் விழுகிறது. ஆக, ஒற்றைத் தேதியை நீட்டி நீங்களும் ஜெயிக்க முடியாது, அவரும் ஜெயிக்க முடியாது. எந்த அடுக்கின் மேல் எந்த அடுக்கு, ஒவ்வொன்றிலும் எத்தனை மாதிரி, அவற்றின் பிழை வரம்பு என்ன என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் இடைவெளி சுருங்கும். அந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர்கள் உங்கள் அலுவலகத்துக்கு வெளியிலும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் அறிக்கை இல்லை.

சிவகளையைப் பாருங்கள். புளோரிடாவின் பீட்டா அனலிட்டிக், லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனம், அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம் என மூன்று இடங்களில் வந்த முடிவுகளை மாநிலத் துறை அச்சில் போட்டது. உடனே கேள்விகளும் எழுந்தன. வைரம் பாய்ந்த பழைய மரத்தின் உட்பகுதி எரிந்த கரியாக இருந்தால், அது தாழியை விட நூறு இருநூறு ஆண்டு மூத்ததாகத் தெரியாதா? கரியும் இரும்பும் ஒரே நேரத்தில் உள்ளே போனதற்கு என்ன சான்று? தாதுவை உருக்கிய உலை எங்கே? எல்லாம் கேட்க வேண்டியவை. சிவகளைத் தேதியை எடுத்த எடுப்பில் நம்புகிற ஆள் நானில்லை. ஆனால் அதை மறுக்கிறவருக்கும் இன்று கையில் ஒரு புத்தகம் இருக்கிறது.

உங்கள் துறைக்கே இதில் நல்ல முன்மாதிரி உண்டு. அப்போது உங்கள் துறையின் தலைமை இயக்குநராக இருந்த மார்ட்டிமர் வீலர், புதுச்சேரி அருகே அரிக்கமேட்டைத் தோண்டியது 1945-இல். மறு ஆண்டே அறிக்கை உங்கள் ஆய்விதழில் வந்துவிட்டது. அவர் சொன்ன காலக்கணிப்பைப் பின்னால் வந்தவர்கள் கேள்வி கேட்டார்கள், மாற்றினார்கள். அச்சில் இருந்ததால்தானே அது முடிந்தது? மோசமான முன்மாதிரியும் உங்களிடமே இருக்கிறது. 2004-இல் தோண்டிய ஆதிச்சநல்லூரின் மாதிரிகளுக்கு பொ.ஆ.மு. 905, 696 என்று காலம் தெரியவந்தது 2019-இல், அதுவும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு நடந்தபோது. கீழடியிலும் அதே கதை. ஒன்பது மாதத்தில் வெளியிடுவோம் என்று 2024 பிப்ரவரியில் அதே நீதிமன்றத்தில் சொன்னது நீங்கள்தான்.

இந்த இடைவெளியில் என்ன நடக்கிறது தெரியுமா? அறிக்கை இல்லாத இடத்தில் யூடியூப் வந்து உட்கார்ந்துகொள்கிறது. உலகின் முதல் நகரம் கீழடிதான் என்கிறார் ஒருவர். அங்கே ஒன்றுமே இல்லை, எல்லாம் கட்டுக்கதை என்கிறார் இன்னொருவர். இரண்டு பேரும் 982 பக்கத்தில் ஒரு பக்கத்தையும் பார்த்தவர்கள் இல்லை. பார்க்க வழியும் இல்லை.

அறிக்கையைத் திருத்தியே ஆக வேண்டும் என்று நிற்காதீர்கள். அகழ்ந்தவர் எழுதியபடியே வெளியிடுங்கள். அறிக்கையைப் படித்துப் பார்த்த உங்கள் நிபுணர்கள் இருவரின் ஆட்சேபங்களை அவர்கள் பெயரோடு பின்னிணைப்பாகச் சேருங்கள், அவர் தந்த பதிலையும் சேருங்கள். விடுபட்டதாக நீங்கள் சொல்லும் குழி வரைபடங்களைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். கரிமக் கணிப்பு அட்டவணையைச் சுருக்காமல், ஆய்வக எண்களோடு கொடுங்கள். காலகட்டத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதைப் படிக்கிறவர்கள் விவாதித்துக்கொள்ளட்டும். மாநிலத் துறையிடமும் இதே வேண்டுகோள்தான்: ஒவ்வொரு தளத்துக்கும் முழு அறிக்கை, அறிவிப்பு விழாவுக்கு முன்பே.

அப்புறம் இன்னொன்று. 2017-இல் ஸ்ரீராமன் தலைமையில் உங்கள் துறையே மூன்றாம் கட்டமாகத் தோண்டியது. முந்தைய குழிகளில் கிடைத்த செங்கல் கட்டுமானத்துக்குத் தொடர்ச்சி தென்படவில்லை என்று அப்போது சொல்லப்பட்டது. அந்தக் கட்டத்தின் மண்ணடுக்கு வரைபடங்களையும் இதோடு சேர்த்து வெளியிடுங்கள். முதல் இரண்டு கட்டத்து வரைபடங்களுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் அதைப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
மதுரை வாசகர் ஒருவர்
ஜூலை 2025