மான்டிலூகாஸ்ட் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் மகனுக்குப் பத்து வயது. மார்கழி பிறந்தால் போதும், காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு. போன டிசம்பரில் டாக்டர் மான்டிலூகாஸ்ட், லீவோசெட்ரிசின் என்ற இரண்டு அலர்ஜி மருந்துகள் சேர்ந்த மாத்திரையை ராத்திரி ஒன்று என்று எழுதித் தந்தார். நன்றாகவே கேட்டது, நாலைந்து நாளில் தும்மல் அடங்கிவிட்டது. டாக்டர் சொன்ன நாள் கணக்கு முடிந்த பிறகும் மெடிக்கலில் பழைய அட்டையைக் காட்டி வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். சீட்டு எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது வாரத்திலிருந்து பையன் நடு ராத்திரியில் அலறிக்கொண்டு எழ ஆரம்பித்தான். பகலில் தொட்டதற்கெல்லாம் அழுகை, தங்கையிடம் காரணமில்லாமல் கோபம். பரீட்சை பயம் என்று நினைத்தோம், என் மாமியார் மந்திரித்துக் கயிறு கூடக் கட்டினார். இரண்டு மாதம் கழித்துக் காய்ச்சலுக்காக வேறொரு டாக்டரிடம் போனபோதுதான், வேறு என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று கேட்டவர், மாத்திரையின் பெயரைச் சொன்னதும் "ராத்திரி தூங்குகிறானா?" என்றார். அவர் சொல்லி நிறுத்தினோம். பத்து நாளில் பழைய பிள்ளை திரும்பி வந்தான்.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்லை. கெட்ட கனவு, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரை வரக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020 மார்ச்சிலேயே மான்டிலூகாஸ்ட்டுக்குக் கட்டம் போட்ட எச்சரிக்கை, அதாவது அவர்களுடைய எச்சரிக்கைகளிலேயே கடுமையானதை, விதித்திருக்கிறது. வெறும் மூக்கு அலர்ஜிக்கு மற்ற மருந்துகள் கேட்காவிட்டால் மட்டும் கொடுங்கள் என்பதும் அதில் உண்டு. எல்லாருக்கும் இப்படி ஆகாது, பல குழந்தைகள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் சாப்பிடுகிறார்கள், சரி. ஆனால் வரலாம் என்று தெரிந்திருந்தால் முதல் வாரத்திலேயே கேட்டிருப்போமே, பிள்ளை இரண்டு மாதம் பயந்து கிடந்திருக்க மாட்டானே!

இப்போது மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே கொடுக்கிறோம். ஸ்டீராய்டு என்றதும் பதறினேன், ஆனால் மூக்கு அலர்ஜிக்கு மான்டிலூகாஸ்ட்டை விட அதுதான் நன்றாகக் கேட்கும் என்று டாக்டர் விளக்கினார். முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும், மூக்கின் இரண்டு துவாரங்களுக்கும் நடுவில் இருக்கும் சுவரில் படாமல் காதுப் பக்கமாகச் சாய்த்து அடிக்க வேண்டும், இல்லையென்றால் மூக்கில் ரத்தம் வரும். இவ்வளவையும் அவர் சொல்ல இரண்டு நிமிடம்தான் ஆனது.

லீவோசெட்ரிசினும் லேசுப்பட்டதில்லை. தூக்கம் வரும், அது தெரிந்ததுதான். மாதக்கணக்கில் தினமும் சாப்பிட்டுவிட்டு நிறுத்தினால் சிலருக்குக் கடுமையான அரிப்பு வருகிறது என்று 2025 மே மாதம் அதே எஃப்.டி.ஏ. எச்சரித்தது.

ஒன்றை அவசியம் சொல்ல வேண்டும். ஆஸ்துமாவுக்காக மான்டிலூகாஸ்ட் சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். டாக்டர்களே, நீங்கள் இந்த மாத்திரையை எழுதும்போது "பிள்ளை தூக்கத்தில் அலறினாலோ குணம் மாறினாலோ உடனே வாங்க" என்று அம்மாக்களிடம் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய், திருச்சி