பர்ன்அவுட் நோய் அல்ல, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனாவுக்குப் பிறகு மருத்துவர்களின் மனநிலை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் "பர்ன்அவுட் என்ற நோய்க்கு ஆளான மருத்துவர்கள் மன உறுதியை வளர்த்துக்கொள்ள வேண்டும்" என்று ஒரு வரி. அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019லேயே பர்ன்அவுட்டை நோயாக வகைப்படுத்தவில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. சரியாகக் கையாளப்படாத, நாள்பட்ட பணியிட அழுத்தத்தால் ஆள் ஓய்ந்துபோவது, அவ்வளவுதான். உங்களுக்குத் தெரியாததா? நோய் என்று எழுதினால் கோளாறு என்னிடம். பணியிடம் என்று எழுதினால் டியூட்டி போட்டவரையும் நாலு கேள்வி கேட்க வேண்டிவரும்.

நான் மயக்கவியல் மருத்துவர். 2020இல் தீவிர சிகிச்சைப் பிரிவில் போட்டார்கள். கவச உடைக்குள் ஆறு மணி நேரம் ஒரு வாய் தண்ணீர் கிடையாது. சரி, அது உடம்பு அலுப்பு, தூங்கி எழுந்தால் போய்விடும். போகாதது வேறு. ஒரு ராத்திரி வென்டிலேட்டர் ஒன்று, தேவைப்பட்டவர்கள் இரண்டு பேர். முடிவெடுத்தது நான். கிடைக்காதவரின் மகளுக்கு வீடியோ காலில் அப்பாவின் முகத்தைக் காட்டப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றதும் நான்தான். "கொஞ்சம் கிட்டக் காட்டுங்க டாக்டர்" என்றாள். கண்ணாடியில் ஆவி படிந்து எனக்கே எதுவும் தெரியவில்லை. இன்றுவரை வீடியோ கால் வந்தால் நான் எடுப்பதில்லை, என் மகள் கூப்பிட்டாலும். இதற்கு எந்த உறுதியை எங்கே வளர்த்துக்கொள்வது?

அந்த மாதமே நிர்வாகம் எங்களுக்கு மன உறுதிப் பயிற்சி வைத்தது. நைட் டியூட்டி முடிந்த கையோடு, காலை எட்டு மணிக்கு. வராவிட்டால் விளக்கம் தர வேண்டும். மூச்சை ஆழமாக இழுத்துவிடச் சொன்னார்கள், இரவெல்லாம் மூச்சு கிடைக்காதவர்கள் பக்கத்தில் நின்றுவிட்டு வந்த எங்களிடம்!

அப்புறம் அந்தக் கைதட்டல், 'போர்வீரர்கள்' பட்டம். நீங்களும் அட்டையில் போட்டீர்கள். 2020 ஜனவரி முதல் 2021 மே வரை 80,000 முதல் 1,80,000 சுகாதாரப் பணியாளர்கள் கொரோனாவால் இறந்திருக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அதைப் பற்றி அப்போதே ஒரு கடிதம் எழுதினேன், வரவில்லை. இடமில்லாமல் போயிருக்கும், பரவாயில்லை.

நியூயார்க்கின் அவசர சிகிச்சை மருத்துவர் லோர்னா பிரீன் 2020 ஏப்ரலில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மனநல உதவியை நாடினால் மருத்துவ உரிமம் போய்விடுமோ என்று அவர் பயந்ததாகக் குடும்பத்தினர் சொன்னார்கள். அந்தப் பயம் அவர் ஒருவருக்கு மட்டும் இருந்ததல்ல. உங்கள் கட்டுரையில் அதற்கு ஒரு பத்திகூட இல்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் எங்காவது ஒரு மூலையில் இரண்டு வரித் திருத்தம். 'நோய்' என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள்.

கடிதத்தைப் போடுவதானால் என் பெயர் வேண்டாம். எங்கள் மருத்துவமனையிலும் உங்கள் இதழ் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு மயக்கவியல் மருத்துவர்