ரசீது இல்லாத அபராதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் கென்ய நாட்டு மாணவி, நான்கு நாட்களுக்கு முன்பு ஸ்கூட்டரில் தனியாகத் திரும்பியபோது, ஒரு போக்குவரத்துக் காவலர் அவரை நிறுத்தி, செல்லுபடியாகும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டைக் காட்டியும் ஏற்காமல், 5,000 ரூபாய் அபராதம் என்று அச்சுறுத்தி, பின்னர் ரசீதின்றி 1,500 ரூபாய் பெற்றுக்கொண்டு அனுப்பியிருக்கிறார். கன்னடம் தெரியாமல், இருட்டும் வேளையில், விசாவுக்குச் சிக்கல் வருமோ என்று நடுங்கியே அந்தப் பெண் பணத்தைக் கொடுத்திருக்கிறார். என் மகளும் வெளிநாட்டில் படிப்பவள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

2018இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டம் லஞ்சம் கொடுப்பதையும் குற்றமாக்கினாலும், கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் புகார் செய்தால் அவரைத் தண்டிப்பதில்லை. இதை எடுத்துச் சொல்லியும் அந்த மாணவி புகார் செய்யத் தயங்குகிறார். படிப்பு முடியும்வரை இதே சாலைகளில் செல்ல வேண்டியவரின் அந்தத் தயக்கத்தை நான் குறை கூறமாட்டேன். வெளிநாட்டுப் பெண்கள் பெண் அதிகாரி ஒருவரிடம் ஆங்கிலத்திலேயே முறையிட, ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக் ஆயுக்தா வழி செய்ய வேண்டும். ரசீது இல்லாமல் எவருக்கும் பணம் தர வேண்டியதில்லை என்பதைக் கல்லூரிகள் சேர்க்கையின்போதே இம்மாணவியருக்குச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு.