மையல் கிரீக்கிலிருந்து

அன்புள்ள சேகரா,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சுகம். என் மூட்டுதான் பேச்சு கேட்பதில்லை.

நீ வக்கீல், அதனால் உன்னிடம்தான் இதைக் கொட்ட வேண்டும். ஜூன் 10 அன்று சின்னவனோடு, இங்கே ஆஸ்திரேலியாவில் பிங்கரா ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற மையல் கிரீக் போயிருந்தேன். தமிழில் எழுதினால் நலங்குப் பாட்டு மாதிரி இருக்கிறது, சிரிக்காதே. 1838இல் அதே தேதியில் 12 பேர் குதிரையில் வந்து, பண்ணையோரம் தங்கியிருந்த விர்ராயராய் என்ற பழங்குடி மக்களைக் கயிற்றில் பிணைத்து ஓட்டிப்போய் வெட்டினார்கள். ஏறக்குறைய 28 பேர். இளவட்டங்கள் பக்கத்துப் பண்ணைக்குப் பட்டை உரிக்கப் போயிருந்ததால், அகப்பட்டது பெண்களும் கிழவர்களும் குழந்தைகளும். அப்புறம் பிணங்களை எரித்தார்கள்.

சிட்னியில் வழக்கு. பண்ணையார்கள் பணம் திரட்டி உன் ஜாதிப் பெரிய வக்கீல்களாகப் பிடித்தார்கள். பிடிபட்ட 11 பேரையும் ஜூரி கால் மணி நேரத்தில் விட்டுவிட்டது. அட்டர்னி ஜெனரல் பிளங்கெட் மட்டும் அசரவில்லை. ஒரு குழந்தையின் கொலைக்காக ஏழு பேரை மறுபடி கூண்டில் ஏற்றினார். பண்ணைக் குடிசையைப் பார்த்துக்கொண்ட ஆண்டர்சன், அவனும் நாடுகடத்தப்பட்டு வந்த ஒரு கைதிதான், துணிந்து சாட்சி சொன்னான். டிசம்பர் 18 அன்று ஏழு பேரும் தூக்கில் தொங்கினார்கள்.

எனக்குத் தூக்கம் போனது டேவியால். பண்ணையில் வேலை பார்த்த பழங்குடி ஆள், சொந்தப் பெயர் யின்டயின்டின். பின்னாலேயே போய் மறைந்து நின்று பார்த்தவன் என்கிறார்கள். ஆனால் கிறிஸ்தவன் இல்லை, பைபிள் மேல் சத்தியம் செய்ய முடியாது, ஆகவே அவன் வார்த்தை செல்லாது! நம்ம பொய்ச்சாட்சி பொன்னுசாமி ஒரே நாளில் மூன்று கோர்ட்டில் சத்தியம் பண்ணுவானே, அவனை நினைத்துக்கொண்டேன். மிச்சம் நாலு பேர் மேல் வழக்கு நடத்த, டேவிக்கு வேதம் கற்பித்துக் கூட்டிவருவதாக ஏற்பாடு. ஆள் காணாமல் போய்விட்டான். 1839இல் நாலு பேரும் விடுதலை. தலைவனாக வந்த ஜான் ஃபிளெமிங் கடைசிவரை பிடிபடவே இல்லை. பிற்காலத்தில் அவன் தேவாலயக் காரியஸ்தன், அதோடு மாஜிஸ்திரேட் வேறு.

2000இல் வைத்த நினைவுக்கல்லுக்குச் செம்மண் பாதை போகிறது. வழியெல்லாம் கற்களில் நடந்ததை ஆங்கிலத்திலும் அந்த மக்களின் கமிலராய் மொழியிலும் பொறித்திருக்கிறார்கள். செத்தவர்கள் வம்சமும் கொன்றவர்கள் வம்சமும் சேர்ந்து வருகிறார்கள். பக்கத்தில் நின்ற கிழவி எந்தப் பக்கம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

திரும்பும்போது சின்னவன், "டேவி அவங்க சாமி மேல சத்தியம் பண்ணக்கூடாதாப்பா?" என்றான். வக்கீல் மாமாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று தப்பித்திருக்கிறேன். சீக்கிரம் எழுது, தினமும் கேட்கிறான்.

உன்
ராமு