அந்த ஓரத்துக் கையைக் காட்டு, மக்களே

மக்களே,

வகுப்பில் ஒரு புகைப்படத்தைப் பற்றிப் பேச நீ தயார் செய்து அனுப்பிய ஸ்லைடு எல்லாவற்றையும் கடையில் பெரிய மானிட்டரில் போட்டுப் பார்த்தேன். உழைத்திருக்கிறாய், தெரிகிறது. ஆனால் ஐந்து நிமிடம்தான் தருகிறார்கள் என்கிறாய். சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் 9.1 அளவில் நிலம் அதிர்ந்தது, அலை எந்தெந்த நாட்டுக்குப் போனது, எத்தனை லட்சம் பேர் இறந்தார்கள் என்று எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் படமே வருகிறது. அது சுனாமியைப் பற்றிய பேச்சு. உன்னிடம் கேட்டிருப்பது ஒரு படத்தைப் பற்றி.

முதலில் படத்தைப் போடு. தலைப்பு வேண்டாம், பூ டிசைன் வேண்டாம், திரை முழுக்க அந்த ஒரு படம் மட்டும். போட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணும்வரை பேசாமல் நில். முன்னால் நிற்கிறவளுக்கு அந்தப் பத்து நொடி பயங்கர நீளமாகத் தெரியும், உட்கார்ந்திருப்பவர்களுக்குப் படம் பார்க்கவே அது பத்தாது. அப்புறம் ஒரே வாக்கியம்: 2004 டிசம்பர் 28, கடலூர், எடுத்தவர் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் ஆர்க்கோ தத்தா, உறவைப் பறிகொடுத்த ஒரு பெண். பத்திரிகைப் படங்களுக்குத் தருகிற வேர்ல்ட் பிரஸ் போட்டோ விருதில் அந்த வருடத்தின் சிறந்த படம் இதுதான், அதைக் கடைசியில் சொன்னால் போதும். விருதை முதலிலேயே சொன்னால் எல்லாரும் விருது வாங்கிய படமாகத்தான் பார்ப்பார்கள், அந்த அம்மாவைப் பார்க்க மாட்டார்கள்.

பிறகு, கண்ணால் பார்க்கிறதை மட்டும் சொல்லு. மணலில் விழுந்து கிடக்கிறாள், இரண்டு கையும் விரிந்திருக்கிறது, உள்ளங்கை வானத்தைப் பார்க்கிறது. "நெஞ்சை உருக்கும் படம்" என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறாய், அதை எடுத்துவிடு. உள்ளங்கையைச் சொன்னாலே உருகுவார்கள்.

அப்புறம்தான் ஓரம். படத்தின் ஓரத்தில் இறந்துபோனவரின் கை மட்டும் தெரிகிறது, முகமும் இல்லை, உடம்பும் இல்லை. நீ இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கு இந்தப் படமே அந்தக் கைதான். காகிதத்தால் அதை மறைத்துப் பார்த்தேன், ஒரு பெண் அழுகிறாள் என்பதோடு நின்றுவிடுகிறது. எடுத்தால், யாருக்காக அழுகிறாள் என்பதும் அவர் அவளுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார் என்பதும் வந்துவிடுகிறது. இதை வகுப்பிலேயே செய்யலாம்: இரண்டாவது ஸ்லைடில் கையை வெட்டிய படம், மூன்றாவதில் மறுபடி முழுப்படம். உன் பேச்சுக்கு மூன்று ஸ்லைடு தாராளம்.

அந்த அலைக்குப் பிறகு குளச்சல், கொட்டில்பாடு பக்கத்து ஆட்கள் நம்ம ஸ்டூடியோவுக்கு வருவார்கள். வீட்டில் இருந்த ஆல்பம் எல்லாம் கடலோடு போயிருந்தது. எங்கள் கல்யாணப் படம் நீங்கள்தானே எடுத்தீர்கள், நெகட்டிவ் இருக்கிறதா, அதில் என் மகன் நிற்கிறானா பாருங்கள் என்று கேட்பார்கள். நெகட்டிவைத் தேடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், தேடுகிற ஆள் பெரும்பாலும் நடுவில் இருக்க மாட்டார். நடுவில் மாப்பிள்ளையும் பெண்ணும். இவர் ஓரத்தில், பாதித் தோள் வெட்டுப்பட்டு, வேறெங்கோ பார்த்தபடி நிற்பார். அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கிக் கொடுப்பேன், சுவரில் மாட்ட அதுதான் அவர்களுக்கு. அதிலிருந்து எந்தப் படத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் நாலு ஓரத்துக்கும் போய்விட்டுத்தான் நடுவுக்கு வரும். நீயும் அப்படிப் பார்த்துப் பழகு.

அதனாலேயே இன்னொன்று. நீ வைத்திருப்பது வாட்ஸ்அப்பில் வந்த பிரதி, ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது, கை பாதிதான் இருக்கிறது. வேர்ல்ட் பிரஸ் போட்டோவின் இணையதளத்திலேயே படம் இருக்கும், அங்கே போய் முழுசாகப் பார்த்து ஒப்பிட்டுக்கொள். திரையை நிரப்ப வேண்டும் என்று இழுத்துவிடாதே, இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்தால் இருக்கட்டும். முன்கூட்டியே போய் ஜன்னல் திரையை மூடிப் பார், பகல் வெளிச்சத்தில் புரொஜக்டர் படம் வெளுத்துப்போய் மணலும் புடவையும் ஒன்றாகிவிடும்.

இங்கிலீஷில் பேச வேண்டியிருப்பதால் முழுக்க எழுதி வாசிக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் மனப்பாடம். நடுவில் தடுமாறினால் திரும்பிப் படத்தைப் பார், உள்ளங்கை, மணல், ஓரத்துக் கை என்று அதுவே அடுத்ததை எடுத்துக் கொடுக்கும். பேசும்போது முகம் வகுப்பைப் பார்த்து இருக்கட்டும். சுனாமி விவரம் ஒன்று வேண்டுமென்றால் நம்ம ஊரைச் சொல்லு, மணக்குடியில் பாலத்தையே அலை கொண்டுபோனதைச் சொன்னால் 9.1 என்ற எண்ணைவிட நன்றாகப் புரியும்.

அழுகிறவளுக்கு உதவாமல் படம் எடுக்கலாமா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். மழுப்பாதே, நீ நினைப்பதைச் சொல்லு. எடுக்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. எடுத்ததால்தான் கடலூர்க் கரையில் அழுத ஒருத்தியை உலகம் நின்று பார்த்தது. ஆனால் இறந்தவரின் முகம் படத்துக்குள் வராதது எனக்குப் பெரிய ஆறுதல். உனக்கு வேறு மாதிரி தோன்றினால் அதையே சொல்லு, என்னுடையதை ஒப்பிக்காதே.

இன்றிரவு மொபைலில் நேரம் வைத்து ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பதிவு செய்து அனுப்பு. கடை அடைத்துவிட்டு வந்து கேட்கிறேன், அம்மாவும் கேட்கணும் என்கிறாள்.

அப்பா