அப்பா பெயரில் ஒரு நாவல்

பிராட்ஃபோர்ட்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அம்மா போனில் சொன்னாள். சொட்டு மருந்தை விட்டுவிடாதீர்கள். டாக்டர் படிக்கலாம் என்று சொல்லும்வரை இதை மதினி படித்துக் காட்டட்டும்.

நாவல் விற்கிறது பெரியம்மா! நான் கிளம்பும்போது நீங்கள் கையில் திணித்த பணம்தான் அட்டைப்படத்துக்கும் பிழை திருத்தியவருக்கும் போனது. பதிப்பாளர் என்று யாரும் இல்லை, அமேசானின் மின்புத்தகக் கடையான கிண்டிலில் நானே ஏற்றினேன். விலையை 1.77 பவுண்டுக்கும் 9.99 பவுண்டுக்கும் நடுவில் வைத்தால் எழுதியவருக்கு நூற்றுக்கு 70, அதைத் தாண்டினாலோ குறைந்தாலோ 35தான். முதலில் மருந்தகத்தில் கூட வேலை செய்பவர்கள் வாங்கியதோடு சரி. அப்புறம் முகம் தெரியாத யாரோ பாராட்டி எழுத, போன மாதம் வந்த பணம் வீட்டு வாடகையில் பாதியைத் தாண்டிவிட்டது. கதை இங்கே மூடிக்கிடக்கும் ஒரு கம்பளி மில்லில் நடக்கிறது. மில் சங்கு எப்படி ஊதும், ஷிப்ட் விட்டு வருகிறவர்கள் எப்படி நடப்பார்கள் என்பதெல்லாம் கோவில்பட்டி சரக்கு.

வேடிக்கை பெயரில்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில் இருப்பதால் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் நான் மிஸ் ஆறுமுகம். அட்டையிலும் ‘டி. ஆறுமுகம்’ என்றே போட்டேன், தமிழ்ச்செல்வியை இவர்கள் வாயில் விட்டுப் பார்க்க மனசில்லை. துப்பறியும் கதை, முன்னால் ஒற்றை எழுத்து. போதாதா? எழுதியது ஆண் என்று வாசகர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். தினத்தந்தியைத் தவிர ஒன்றும் படிக்காத அப்பா இங்கே நாவலாசிரியர்! ஒருவர் எழுதியிருந்தார்: பிணப் பரிசோதனையை முகம் சுளிக்காமல் எழுத ஆணால்தான் முடியுமாம், ஆனால் பெண்கள் மனசு இவருக்கு அவ்வளவாகப் பிடிபடவில்லையாம். அந்தக் கதாநாயகி பாதி நான், பாதி நீங்கள்.

இதே நாவலை முன்பு முழுப் பெயரில், பதிப்பகம் பிடித்துத் தரும் ஒரு ஏஜென்ட்டுக்கு அனுப்பியிருந்தேன். கல்யாணம், குடும்பம் என்று உங்கள் ஊர்ப் பெண்களின் கதை இருந்தால் அனுப்புங்கள் என்று பதில் வந்தது.

இங்கிருந்து ஹாவொர்த் என்கிற ஊர் பக்கம்தான். கீத்லியில் இறங்கி நீராவி ரயில் பிடிக்க வேண்டும். பாதிரியார் மகள்களான பிராண்டே சகோதரிகள், ஆங்கில நாவலாசிரியைகள், இருந்த வீடு இப்போது மியூசியம். மூவரும் உட்கார்ந்து எழுதிய சாப்பாட்டு மேஜை அங்கே இருக்கிறது, மை கொட்டிய கறை, யாரோ கீறிய ஒரு ‘ஈ’ எழுத்து எல்லாவற்றோடும். அவர்களையும் வளர்த்தது ஒரு பெரியம்மாதான். அவர் விட்டுப்போன பணத்தில்தான் 1846-இல் சொந்தச் செலவில் கவிதைத் தொகுப்பு போட்டார்கள், ஆணா பெண்ணா என்று பிடிகொடுக்காத கரர், எல்லிஸ், ஆக்டன் பெல் என்ற பெயர்களில். விற்றது இரண்டே பிரதி. ஆனால் அடுத்த வருஷம் கரர் பெல் பெயரில் மூவரில் மூத்தவள் சார்லட்டின் ‘ஜேன் அயர்’ நாவல் வந்ததும் ஒரே பரபரப்பு, எழுதியது யார் என்று லண்டனே பேசியது. 1848-இல் எலிசபெத் ரிக்பி என்கிற பெண் பெயர் போடாமல் எழுதிய விமர்சனத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். சமையலையும் உடுப்பையும் இப்படித் தப்பாக எழுதியிருப்பதால் இது பெண் எழுதியதாக இருக்காது என்கிறார். நடுராத்திரியில் திடுக்கிட்டு எழுந்தவள் கவுனை மாட்டிக்கொண்டு ஓடுவாளா என்பது அவர் வாதம். ஒருவேளை பெண்தான் என்றால், மற்ற பெண்கள் ஒதுக்கிவைத்த பெண்ணாக இருக்க வேண்டுமாம். எனக்கு வந்த விமர்சனம் எவ்வளவோ தேவலை.

ஆனால் ஆணுக்குத்தான் மவுசு என்று ஒரேயடியாகவும் சொல்ல முடியாது. இதே யார்க்‌ஷையரில் பில் ஸ்பென்ஸ் என்று ஒருவர், யுத்தத்தில் குண்டுவீச்சு விமானத்தில் பறந்தவர், ஆண் பெயர்களில் கௌபாய் கதைகள் எழுதியவர். காதல் கதை எழுதியபோது பதிப்பகம் பெண் பெயர் கேட்டது. தொண்ணூறு வயது தாண்டியும் ஜெசிகா பிளேராகவே எழுதிக்கொண்டிருந்தார். நம்மூரில் சுஜாதா இல்லையா? ரங்கராஜன் என்ற பெயரில் ரா. கி. ரங்கராஜன் ஏற்கெனவே இருந்ததால் மனைவி பெயரை எடுத்துக்கொண்டார். அவர் ஆண் என்று நான் சொன்னபோது நீங்கள் நம்பவே இல்லையே! எந்தக் கதைக்கு எந்த முகம் என்று வாங்குகிறவர் மனசுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. என் எரிச்சல் அந்தக் கணக்கின் மேல்தான், விற்பனை மேல் இல்லை.

அடுத்த நாவலும் டி. ஆறுமுகம்தான். பெயரை மாற்றினால் முதல் புத்தகத்தைப் படித்தவர்கள் தேடும்போது இரண்டும் சேர்ந்து வராது. ஆனால் ஆசிரியர் பக்கத்தில் என் போட்டோவைப் போட்டுவிட்டேன், மதினி கல்யாணத்தில் ஜிமிக்கியோடு எடுத்தது. அதற்கப்புறமும் ஒருவர் ‘மிஸ்டர் ஆறுமுகம்’ என்று எழுதியிருக்கிறார். போட்டோவில் இருப்பது ஆசிரியரின் மகள் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ.

அப்பாவிடம் பணக் கணக்கை மட்டும் சொல்லாதீர்கள், பெயருக்கு வாடகை கேட்பார்.

அன்புடன்,
செல்வி