தங்கச்சியின் பிள்ளைக்கு ஒரு கேக்

ஸ்காபரோ, கனடா
பெப்ரவரி 16

அன்புள்ள அம்மாவுக்கு,

களுதாவளை அண்ணன் கொண்டுவந்த பார்சலும் உங்கள் கடிதமும் பத்திரமாக வந்து சேர்ந்தன. கடிதத்தை நாலு தரம் வாசித்துவிட்டேன். 'போனில கதைச்சா வைச்ச கையோட மறந்துபோகுது மனே, எழுதி அனுப்பினா தலகாணிக்குக் கீழ வைச்சி வைச்சி வாசிப்பன்' என்று எழுதியிருக்கிறீர்கள். விளக்கீட்டுக்குப் பிறகு நான் ஒரு வரி எழுதவில்லை. தங்கச்சி ஆஸ்பத்திரியில் இருந்த கிழமைகூட நீங்கள்தான் எடுத்தீர்கள், நான் எடுக்கவில்லை. வேலை, குளிர் என்று காரணம் சொல்ல எனக்கே மனம் வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா. இந்த முறை நீளமாக எழுதுகிறேன்.

நாங்கள் சுகம். மார்கழியில் வீடு மாறினோம், சொன்னேனோ தெரியாது. இது ஒரு வீட்டின் கீழ்த்தளம், ஓர் அறையும் குசினியும். கூட்டித் துடைக்கிற வேலை குறைவு, ஹீட்டர் பக்கத்திலேயே இருப்பதால் சூட்டுக்கும் குறைவில்லை. அவருக்குக் குளிர்காலம் முடியும்வரை வேலை நேரம் குறைவு. பனி கரைந்ததும் பழையபடி கூப்பிடுவார்கள். அதுவரை சமையல் அவர்தான். சொதி நன்றாக வைக்கப் பழகிவிட்டார். நான் காலையில் ஓர் இடம், பின்னேரம் ஓர் இடம் என்று போய்வருகிறேன். நீங்கள் ஒன்றும் யோசிக்க வேண்டாம்.

குளிரைக் கேட்டீர்கள். போன கிழமை சைபருக்குக் கீழே 18. வெளியே இறங்கினால் மூக்குக்குள் இருக்கிற ஈரமே உறைந்து குத்தும். படியில் விழுகிற பனி பகலில் கொஞ்சம் இளகி, இரவில் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். எல்லாரும் உப்புப் போட்டுக் கரைப்பார்கள். பக்கத்து வீட்டுக் கிழவி மட்டும் விடிய ஆறு மணிக்கு இரும்புக் கம்பி ஒன்றால் இடித்து உடைப்பார். போர்த்துக்கல் நாட்டுக்காரி. புருஷன் செத்து எத்தனையோ வருஷமாம், இன்றைக்கும் உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை கறுப்புத்தான் உடுப்பார். வந்த புதிதில் எங்கள் குப்பைவாளி அவருடைய எல்லைக்குள் அரை அடி நிற்கிறதென்று இவரோடு சண்டை பிடித்தார். மற்ற நாள் அதே ஆள் ஒரு சட்டி கோவா சூப்போடு கதவைத் தட்டினார். அப்படி ஒரு மனுஷி.

ஒருநாள் அந்தக் கம்பியைப் பார்த்து, பழக்கத்தில் 'அலவாங்கு' என்று சொல்லிவிட்டேன். இடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவர்கள் பாஷையில் அது 'அலவாங்கா'வாம். உள்ளே கூட்டிக்கொண்டுபோய் ஒவ்வொன்றாகக் காட்டினார். மேசையைத் தொட்டார், 'மேஸா' என்றார். ஜன்னல், 'ஜனேலா'. சாவியைத் தூக்கினார், 'ஷாவ்'. நான் நம்முடைய சொல்லைச் சொல்லச் சொல்ல, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார். எங்கள் மட்டக்களப்புக்கு உங்கள் ஆட்கள் 1628இல் கோட்டை கட்ட வந்தார்கள், பத்து வருஷத்தில் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள், ஆனால் பாஷை மட்டும் போகவில்லை, உங்கள் ஆட்களின் வழிவந்த எங்கள் பறங்கியர் வீடுகளில் இன்னும் வயதானவர்கள் பேசுகிறார்கள் என்று சொன்னேன். டச்பாரில் இருந்த எங்கள் பறங்கி அன்டியைப் பற்றியும் சொன்னேன். அன்டி கதவு தட்டும்போது நீங்கள் 'என்னகா, உள்ளுக்கு வாங்க' என்பீர்களே, அதை அன்டி அவர்கள் பாஷையில் எப்படித் திருப்பிச் சொல்வார் என்று எனக்கு ஞாபகம் வரவேயில்லை. அதுதான் கவலை.

அம்மா, இனிக் கேக் கதை. படம் தங்கச்சியின் போனுக்கு அனுப்பினேன், நீங்கள் சரியாகப் பார்த்திருக்கமாட்டீர்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பப் பாருங்கள்.

பிள்ளையின் முப்பத்தோராம் நாளுக்கு நான் அங்கே நிற்கவில்லை. பெரியம்மா நான் ஒருத்திதானே. கையை மடித்துக்கொண்டு இருக்க முடியவில்லை. பார்சலைப் பிரித்தபோது மிளகாய்த்தூளுக்கும் கீரிமீன் கருவாட்டுக்கும் நடுவில் நம்முடைய கிணற்றடி மரத்துக் கஜு இருந்தது. சுட்ட மணம் அப்படியே இருந்தது. அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

கேக் உங்கள் கைக்கேக்தான். பட்டர் ஒரு இறாத்தல், சீனி ஒரு இறாத்தல், மா ஒரு இறாத்தல், முட்டை பத்து. மெஷின் இருந்தும் கையால்தான் அடித்தேன். 'ஒரே பக்கமாச் சுத்து, கிறுகி அடிச்சா கேக் இறங்கிரும்' என்று நீங்கள் தலையில் குட்டுவது இன்னும் கேட்கிறது. அடித்து முடித்துத் தட்டைத் துணியால் மூடி, நானும் தங்கச்சியும் சந்தியடி பேக்கரிப் போறணைக்குத் தூக்கிக்கொண்டு போவோம், ஞாபகமா? திரும்பி வரும்போது சூடு கையைச் சுடும், ஆனாலும் யார் பிடிப்பதென்று சண்டை.

கஜுவை அன்டி சொல்லித்தந்த மாதிரி அரைத்தேன். ஐசிங் சுகரும் முட்டை வெள்ளையும் கொஞ்சம் ரோஸ் எசன்சும் சேர்த்துப் பிசைந்து, கேக்கின் மேலே ஒரு போர்வை. சுனாமியோடு அன்டியும் போய், அவருடைய கொப்பியும் போய்விட்டது. அளவு உங்கள் கையில்தான் இருக்கிறது, என் கைக்கும் கொஞ்சம் வந்திருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டுக் கிழவி ஒரு துளி வாயில் போட்டுவிட்டு 'மசப்பாவ்' என்றார். அவர்கள் ஊரில் பாதாம்பருப்பில் அதே பலகாரம் செய்வார்களாம்.

அதற்கு மேலேதான் ஃபொண்டன்ட். அங்கே கல்யாணக் கேக்கில் வெள்ளையாய் இழைத்து மூடியிருக்குமே, சீனி மாவு மாதிரி, அதுதான். மார்ஷ்மெலோ என்ற இனிப்பை உருக்கி ஐசிங் சுகர் போட்டுப் பிசைந்தால் சுகமாக வரும் என்று வேலையிடத்துப் பிள்ளை ஒருத்தி சொன்னாள். ஆனால் அதில் ஜெலட்டின். மாட்டிலோ பன்றியிலோ எடுப்பது. பிள்ளையின் துடக்குக் கழிவு நாளில் எனக்கு அது மனசுக்குச் சரிப்படவில்லை. அதனால் கடற்பாசித் தூள் வாங்கினேன். காத்தான்குடியில் நோன்புக்கு இனிப்பாய்க் காய்ச்சுவார்களே, அதே கடற்பாசி. அதைக் கொதிக்கவைத்து, குளுக்கோஸ் பாகும் ஒரு கரண்டி கிளிசரினும் விட்டு, ஒரு கிலோ ஐசிங் சுகரில் ஊற்றிப் பிசைய வேண்டும். கடற்பாசி ஆறினால் இறுகிவிடும், சுடச்சுடப் பிசைய வேண்டும். இவர் சீனியைக் கொட்டக் கொட்ட நான் பிசைந்தேன். ரொட்டி மா பதம் வந்ததும் காற்றுப் படாமல் சுற்றி ஓர் இரவு வைத்தேன்.

முதல் தரம் விரித்தது பிழைத்துவிட்டது. இங்கே ஹீட்டர் ஓடுகிற வீட்டில் காற்றில் ஈரமே இல்லை. விரித்து வைத்துவிட்டுக் கேக்கைத் தூக்குவதற்குள் ஓரமெல்லாம் வெடித்துவிட்டது, கோடையில் உன்னிச்சைக் குளத்தடி வெடிக்கிற மாதிரி. ஒட்டாமல் இருக்கச் சோளமாவும் கூடத் தூவிவிட்டேன், அது இன்னும் காயவைத்துவிட்டது. அழுகை வந்தது அம்மா. இவர்தான் திரும்பப் பிசைந்து தந்தார், உள்ளங்கையில் கொஞ்சம் கொழுப்புத் தடவி. இரண்டாம் தரம் கேத்தலில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குசினி முழுக்க ஆவி எழுப்பிவிட்டு விரித்தேன். கேக் 8 அங்குல அகலம், 4 அங்குல உயரம். இரண்டு பக்கமும் இறங்க வேண்டும், அப்போ 16 அங்குலத்துக்கு மேலே விரிக்க வேண்டும். பூரிக்கட்டையில் சுற்றித் தூக்கிப் போட்டேன். மேலே தடவி, பிறகு பக்கத்தில் மடிப்பு விழாமல் மெல்ல மெல்ல இழுத்துவிட்டேன். காற்று நின்ற இடத்தில் குண்டூசியால் ஒரு குத்து. வெள்ளை வெளேரென்று இருந்துகொண்டது.

கடையில் பார்த்தால் எல்லாப் பிள்ளைக் கேக்கிலும் கரடிப்பொம்மையும் சப்பாத்தும். எனக்கு ஏணை வேண்டும். உங்களுடைய அந்த மாம்பழ மஞ்சள் சேலை, பச்சைக் கரை போட்டது. நாங்கள் இரண்டு பேரும் படுத்த ஏணை. மஞ்சள் நிறம் போட்ட ஃபொண்டன்டில் இறுகுகிற தூள் கொஞ்சம் சேர்த்து, கடதாசி மாதிரி மெல்லிதாக விரித்து, கசக்கிய அலுமினியத் தாளில் தொங்கவிட்டு இரண்டு நாள் காயவைத்தேன். கயிறும் அதே ஃபொண்டன்ட்தான், மூன்று இழை முறுக்கினேன். கரையைத் தூரிகையால் தீட்டினேன். பச்சை நிறத்தை எலுமிச்சை எசன்ஸ் இரண்டு துளியில் கரைத்தால் சீனியை இளக்காமல் உடனே காயும். அந்தக் கரையில் ஒரு கோடு, ஒரு புள்ளி, ஒரு கோடு, இரண்டு புள்ளி வரும். கண்ணை மூடினால் வந்தது. ஏணைக்கு வெளியே ஒரு சின்னக் கால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், ஐந்து விரலும் உண்டு. அதற்கு மட்டும் ஒரு மணித்தியாலம் போனது.

வெள்ளி இரவு எட்டு மணிக்கு எடுத்தேன். உங்களுக்குச் சனி விடிய ஆறரை. தங்கச்சி தலைமுழுகி ஈரத்தலையோடு நின்றாள், மெலிந்துபோனாள். சரக்குக்கறி ஒழுங்காகக் கொடுங்கள், உள்ளி கூடப் போடுங்கள். பிள்ளையை நீங்கள் தூக்கிக் காட்டினீர்கள், அதே நேரம் ஆரையம்பதி மாமி குரவை போட்டார். லைன் அறுந்துவிட்டது. திரும்பத் திரும்ப எடுத்தேன், வரவில்லை. கேக்கை மேசையில் வைத்துவிட்டு நானே குரவை போட்டுப் பார்த்தேன். பாதியில் தொண்டை அடைத்துவிட்டது. குரவை ஒருத்தி போடுகிறதா அம்மா? நாலு பேர் சேர்ந்தால்தானே அது எழும்பும். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக் கிழவி சப்பாத்துகூடப் போடாமல் பனியில் ஓடிவந்துவிட்டார். போனில் பிள்ளையின் படத்தைக் காட்டினேன். என் தலையைத் தன் கறுப்புச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார். கிழவியில் உங்களுடைய நல்லெண்ணெய் மணம் இல்லை, வேறு ஏதோ சவர்க்கார மணம். ஆனாலும் விடவில்லை நான்.

ஏணையை வெட்டவில்லை. ஒரு மட்டைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். இங்கே வருஷக் கணக்கில் அப்படியே இருக்கும். யாரும் வந்தால் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன், ஆனால் வாவிக் காற்றுப் பட்டால் ஒரு நாளில் இளகிவிடும்.

சரி, நீங்கள் கேட்ட காரியங்களுக்கு வருகிறேன். வீட்டைத் தங்கச்சி பேரில் எழுதுங்கள். இதை என்னிடம் கேட்கவே தேவையில்லை. பெண்பிள்ளை பிறந்திருக்கிறது, வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது. அப்பா பேரில் இருக்கிற படுவான்கரைக் காணிக்கு என் கையெழுத்தும் வேண்டுமென்று மாமா சொன்னதாக எழுதியிருந்தீர்கள். எனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட அற்றோணித் தத்துவம் அனுப்புகிறேன், மாமா பேருக்கு. அதற்குக் காணி உறுதியின் பிரதி வேண்டும், எல்லாப் பக்கமும் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வேளாண்மை வெட்டு முடிந்ததும் குத்தகைக் கணக்கைச் சின்ன மருமகன் எழுத்தில் வாங்கிவைக்கட்டும். நெல்லை ஈரத்தோடு விற்க வேண்டாம். அவர் எடுத்த டிராக்டர் லீசிங் எத்தனை மாதம் பாக்கி என்று எனக்கு மட்டும் தனியாகச் சொல்லுங்கள்.

இந்த மாதம் காசு பிந்தும் அம்மா. பங்குனி முதல் கிழமை சேர்த்து அனுப்புகிறேன். கண் ஆபரேஷன் நாளைத் தள்ளிப் போடாதீர்கள், அதற்குரியது கட்டாயம் வரும். மாமாங்கக் கோயிலில் பிள்ளையின் பேரில் ஓர் அர்ச்சனை செய்யுங்கள். பேருக்கு என்ன எழுத்து வந்ததென்று இன்னும் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகள்

பின்குறிப்பு: படத்தில் பார்த்தேன், ஏணையை நடுவளையில் கட்டியிருக்கிறீர்கள். அந்த வளை அப்பா காலத்தில் செல்லரித்து ஒட்டுப்போட்டது. இன்றைக்கே அவிழ்த்து, வாசல் பக்கத்து வளையில் கட்டச் சொல்லுங்கள். கயிறும் புதிதாக வாங்குங்கள்.